வந்து பாருங்க

எங்கள் தெரு அத்தைக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் போதும், அந்த இடத்தில் நிற்க மாட்டாள். தெருவுக்குள் ஓடி வருவாள். எந்த வீடு முதலில் வருகிறதோ அந்த வீட்டு நிலைக்கட்டையில் உள்ளங்கையால் படபடவென்று அடிப்பாள். "வாங்க, வாங்க, வந்து பாருங்க." என்ன விஷயம் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். "சொல்லிட்டா அப்பால பாக்கறதுக்கு இன்னா கீது?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டு நிலைக்குப் போய்விடுவாள்.

யாருக்கும் அவள் சொந்த அத்தை இல்லை. கள்ளிக்குப்பத்தில் பிறந்து, அம்பத்தூர் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த கொஞ்ச காலத்திலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. மண்சுவர் வைத்த சின்ன வீடு ஒன்றும், ஏரிக்குக் கீழே கொஞ்சம் கொல்லையும் அவளுக்கு மிஞ்சின. பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிழவர்களுக்கும் அவள் அத்தைதான்.

என் வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். அவருக்கு அம்மா இல்லை. நான் வாழ வந்த வீட்டில் என்னை வரவேற்க ஆள் கிடையாது. கல்யாணம் ஆன மூன்றாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர முடியை விரித்துப் போட்டபடி, இந்த ஊரில் யாரோடு பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலைக்கட்டை அதிர்ந்தது.

"புதுப் பொண்ணா நீ? ஏந்து வாமே. சீக்கிரம் வா, போயிடப் போவுது."

ஒல்லியான, நெற்றியில் ஒன்றும் இல்லாத ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள். தலையை முடியக்கூட விடவில்லை. வெளியே வந்து பார்த்தால் தெருவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி மாவுக் கையோடு ஓடினாள். ஒரு கிழவர் ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் முடிந்து ஓடினார். அம்பட்டரும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன். புதுப்பெண் ஈரத்தலையோடு தெருவில் ஓடுவதா என்று யோசிக்க நேரமே இல்லை.

ஸ்டேஷனில் சிக்னலுக்காக ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. சர்க்கஸ்காரர்களின் வண்டி. திறந்த பெட்டிகளில் யானைகள் வரிசையாக நின்றன. கூண்டுக்குள் ஒரு சிங்கம் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஒரு ஜன்னலில் கண்ணாடி மணி போட்ட சட்டையோடு ஒருத்தி உட்கார்ந்து, மடியில் இருந்த குரங்குக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். கல்யாணம் ஆன பிறகு சிரித்த முதல் சிரிப்பு அதுதான். திரும்பினால் அத்தை யானையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? பாத்தியா?" என்றாள்.

அவள் வழக்கம் அது. பார்க்க வேண்டியதை ஒரு கண நேரம் பார்ப்பாள். அப்புறம் பார்ப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வண்டி கிளம்பிப் போனபோது எனக்குத் தெருவில் பாதிப்பேரைத் தெரிந்திருந்தது.

அவள் கூப்பிட்டதெல்லாம் யானை இல்லை. ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரரைச் சோற்றிலிருந்து எழுப்பிக்கொண்டு போனாள். எறும்புகள் ஒரு செத்த பல்லியைச் செங்குத்தாகச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தன. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுக்கா அத்தே சோத்த உட்டுட்டு வந்தேன்?"

"சோறு எங்கியும் போவாது நைனா. இது போயிடும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். ஆனால் பல்லி சுவரின் உச்சிக்குப் போய், பொந்துக்குள் வால் மறையும் வரைக்கும் நின்றார். சோறு காய்ந்து போயிருந்தது.

இன்னொரு சமயம் பூவரச மரத்தில் காக்கைக் கூடு. அதைப் பார்க்கக் கூப்பிட்டபோது யாருக்கும் பெரிய ஆசை இல்லை. காக்கைக் கூட்டைப் பார்க்காதவர் யார்? ஆனாலும் வந்து நின்றார்கள். கூட்டுக்குள் வெயில் பட்டு ஒன்று மின்னியது. மரமேறி எடுத்துப் பார்த்தால், எதிர் வீட்டுக் குழந்தையின் வெள்ளிப் பாலாடை. அது காணாமல் போனதிலிருந்து இரண்டு வீடுகள் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட ஒருத்தி போனபிறகுதான் இன்னொருத்தி போவாள். மரத்தடியில் அந்த இரண்டு பெண்களும் பாலாடையை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டு, யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். அத்தை நடுவில் நின்று, "காக்காவுக்கு இன்னா கெட்டிக்காரத்தனம் பாரு" என்று காக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சிரித்தபோது சண்டை முடிந்திருந்தது.

விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. அவள் எதிரே வருகிற சமயமெல்லாம் ஓடித்தான் வருவாள். அவள் பின்னால் நாமும் ஓட வேண்டியிருக்கும். சகுனம் பார்க்க அவகாசம் எங்கே?

அப்புறம் யுத்தம் வந்தது.

ஆவடிப் பக்கம் நிலங்களை மிலிட்டரிக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருக்காரர்களில் பலருக்கு அந்தப் பக்கம்தான் கழனி. கழனி போனபிறகு இங்கே என்ன வேலை? சிலர் திருநின்றவூரில் நிலம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சமயத்தில், இன்னும் சிலர் பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என்று சிதறினார்கள். பயம் தீர்ந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அத்தை தெருக்கோடி வரைக்கும் கூடவே நடப்பாள். "சீக்கிரம் வந்துடுங்க" என்பாள். அவர்களும் வருவதாகச் சொல்லித்தான் போனார்கள்.

காலியான வீடுகளுக்குப் புதியவர்கள் குடிவந்தார்கள். ஆவடி முகாமில் வேலை பார்க்கிற குமாஸ்தாக்கள், கன்ட்ராக்டரின் மேஸ்திரிகள், ஸ்டோரில் சாமான் கணக்குப் பார்ப்பவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜில்லா. ஆண்கள் விடியும்போது போய் இருட்டும்போது வருவார்கள். பெண்கள் அவர்கள் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். சிப்பாய்கள் நடமாடுகிற ஊர் என்று அவர்களுக்குப் பயம். பகலில் கதவு சாத்திய தெருவை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தையின் ஆயுசிலேயே பார்க்க வேண்டியவை பெருகியது அப்போதுதான். தலைக்கு மேலே ஏரோப்ளேன்கள் கொக்குக் கூட்டம் மாதிரி சேர்ந்து பறந்தன. பெரிய ரோட்டில் லாரிகள் மணிக்கணக்காகப் போயின. அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடி வந்து நிலைக்கட்டையில் அடிப்பாள். உள்ளே அரவம் கேட்கும், கதவு திறக்காது. என் வீட்டுக் கதவு மட்டும் திறக்கும். என்னாலும் எல்லா நேரமும் ஓட முடியவில்லை. அப்போது எனக்குக் கைக்குழந்தை.

பக்கத்து வீட்டுக்கு வந்த குமாஸ்தா மதுரைப் பக்கத்துக்காரர். மனைவி என் வயசுதான் இருப்பாள். முகத்தில் எப்போதும் ஒரு தூக்கக் கலக்கம். குழந்தை இல்லை. நானாகப் பேசப்போனால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் காலை, அந்தக் குமாஸ்தா வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அத்தை ஓடி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"தம்பி, ஊட்ல பொண்ணக் கூப்புடு. ரெண்டு பேரும் வந்து பாருங்க, ஏரிகரையாண்ட…"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்புறம் சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"அம்மா, ஒங்களுக்கே தெரிய வேணாமா? காலங்காத்தால வெளிய கெளம்புற மனுசன் முன்னாடி இப்படி வந்து நிக்கலாமா? இனிமே இந்த வீட்டுக் கதவத் தட்டாதீக."

ஜன்னலுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். 

அத்தை ஒதுங்கி வழி விட்டாள். அவர் போய் வெகுநேரம் வரைக்கும் ஒதுங்கிய இடத்திலேயே நின்றாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், "இன்னா அத்தே, ஏரிகரையில இன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லமே. சொம்மாதான்" என்றாள்.

அதற்கு அப்புறம் அவள் யாரையும் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. பெரிய ரோட்டில் சங்கிலிச் சக்கரம் வைத்த டாங்கிகள் போன அன்று ஊரெல்லாம் அதே பேச்சு. அத்தை புளிய மரத்தடியில் தனியாக நின்று பார்த்ததாகத் தயிர்க்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது, "நீ கொயந்தைய தூங்க வெச்சிகினு இருந்தே" என்றாள். டாங்கி எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெருசா இருந்துச்சி" என்றாள். அத்தை வாயிலிருந்து அப்படி ஒரு செத்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு ரயிலேறித் திருநின்றவூருக்குப் போனாள். பழைய தெருக்காரர்களைப் பார்த்துவிட்டு வருவாள், இரண்டு நாளாவது இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். மத்தியான வண்டிக்கே திரும்பிவிட்டாள். என் வீட்டுக்கு நேராக வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னா அத்தே, யாரும் இல்லியா?"

"எல்லாரும் கீறாங்க. நல்லாத்தான் கீறாங்க. சோறு போட்டாங்க." கொஞ்ச நேரம் சொம்பை உருட்டிக்கொண்டிருந்தாள். "ஆனா ஒரு ஊடு இந்தாண்ட கீது, ஒரு ஊடு அந்த ஊரு ஏரிக்கு அந்தாண்ட கீது. ஒருத்தரக் கூப்ட்டா இன்னொருத்தருக்குக் கேக்காதுமே."

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. விட்டு விட்டுப் பெய்வதெல்லாம் இல்லை. வானத்தில் ஏதோ கிழிந்துபோன மாதிரி பகலும் இரவும் ஒரே ஊற்று. ரயில் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் பெரம்பூரிலேயே மாட்டிக்கொண்டார். குமாஸ்தாவும் மற்ற ஆண்களும் ஆவடி முகாமிலிருந்து திரும்ப முடியவில்லை. தெருவில் பெண்களும் குழந்தைகளும், சாத்திய கதவுகளும்.

ஒரு காலை, மழைச் சத்தத்துக்கு நடுவே என் வீட்டு நிலைக்கட்டை அதிர்ந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை மாசமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அத்தை தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வாமே. வந்து பாரு. கொயந்தைய எடுத்துக்க."

குழந்தையை எடுத்துக்கொள் என்று அவள் அதுவரை சொன்னதில்லை.  குழந்தையைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். தெருக்கோடியில், ஏரிக்கரையின் அடிவாரத்தில், பனைமர வேருக்குப் பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் இல்லை. செம்மண் கலங்கல். கரைக்குள்ளிருந்து வந்தது. நாங்கள் பார்க்கும்போது ஒரு கை கனம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி மண் பொத்தென்று விழுந்தது, துவாரம் தொடை கனம் ஆயிற்று. தலைக்கு மேலே, கரைக்கு அந்தப் பக்கம், மொத்த ஏரி.

இரண்டு பேரும் திரும்பி ஓடினோம். அவள் ஒரு பக்கத்துக் கதவுகள், நான் ஒரு பக்கத்துக் கதவுகள். நான் "ஏரி ஒடையுது, ஏரி ஒடையுது" என்று கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை கத்தியது என்ன தெரியுமா? "வாங்க, வாங்க, வந்து பாருங்க." ஆயுசு பூராவும் சொன்ன அதையேதான் சொன்னாள். பழைய தெருவாக இருந்தால் அது போதும். மாவுக் கையோடு மொத்தத் தெருவும் வெளியே வந்திருக்கும். இவர்கள் யார், அத்தை யார்?

குமாஸ்தா வீட்டு ஜன்னல் மட்டும் கொஞ்சம் திறந்தது. "இந்த மழையிலயுமா? அவுக வேற ஊருல இல்ல. போங்கம்மா" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அத்தை ஒரு நிமிஷம் தெரு நடுவில் நின்றாள். அப்புறம் புடவையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் ஓடினாள். தண்டவாளத்தைத் தாண்டி அவள் ஓடுவதை நான் பார்த்தேன். அந்த வயசில் அப்படி ஓடுவாள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அங்கே ரோட்டை வெள்ளம் மறித்ததால் மிலிட்டரி லாரிகள் நின்றிருந்தன. முதல் லாரியில் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு பஞ்சாபிக்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அத்தை படியில் ஏறி அவர் கையைப் பிடித்து இழுத்தாளாம். "வா நைனா, வந்து பாரு. வந்து பாரு நைனா." அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் இறங்கி வந்தார். அவள் அவர் கையை விடவே இல்லை. என் கண்ணெதிரே, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆறடி ஆளைக் குழந்தையைக் கூட்டி வருவது மாதிரி தெரு வழியாகக் கூட்டி வந்தாள்.

அவர் கரையைப் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான் பார்த்தார். அப்புறம் லாரிப் பக்கம் திரும்பி ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், மழையை அறுத்துக்கொண்டு போயிற்று. லாரிகளிலிருந்து ஆட்கள் குதித்து ஓடி வந்தார்கள். பாதிப்பேர் மண்வெட்டியும் கோணியுமாகக் கரைக்கு. பாதிப்பேர் வீடுகளுக்கு. அவர்கள் நிலைக்கட்டையைத் தட்டவில்லை, கதவையே இடித்தார்கள். எல்லாக் கதவும் திறந்தன.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டமாக நினைவிருக்கிறது. யார் குழந்தை யார் இடுப்பில் என்று தெரியாது. மேஸ்திரி வீட்டுக் கிழவியை ஒரு சிப்பாய் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை கடைசியாக, ஒவ்வொரு வீட்டிலும் தலையை நீட்டி யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தாள். ரயில் பாதையின் மேடுதான் அங்கே உயரமான இடம். எல்லோரும் அதில் ஏறி நின்றோம்.

கோணிகளை எவ்வளவு போட்டும் நிற்கவில்லை. உச்சி நேரத்துக்குச் சற்று முன்னால் சிப்பாய்கள் கரையை விட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் மேட்டில் ஏறிய கையோடு கரை சரிந்தது. சத்தம் வந்தது என்று சொல்ல முடியாது, தரை நடுங்கியது. பழுப்புத் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பித் தெருவுக்குள் நுழைந்தது. ஓட்டு வீடுகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அத்தையின் மண்வீடு முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"அதோ பாருங்க, அதோ" என்று அத்தை கையை நீட்டினாள். குரலில் அந்தப் பழைய பரபரப்பு. "எம் ஊடு போவுது பாருங்க. கூரை எப்டி மெதந்துகினு போவுது பாருங்க."

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கூரை ஒரு தெப்பம் மாதிரி சுழன்று சுழன்று, பூவரச மரத்தில் மோதி, திரும்பி, கழனிப் பக்கம் போயிற்று. மறையும் வரைக்கும் பார்த்தோம். கூரை மறைந்த பிறகும் அத்தை நீட்டிய கையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற குமாஸ்தாவின் மனைவி அந்தக் கையைக் கீழே இறக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.  தண்ணீர் வடிகிற வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

எங்கள் தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்து சேறு வாரிய நாட்களில் அத்தையை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான் என் வீடு என்றேன். மேஸ்திரி வீட்டில் தங்கள் வீடு என்றார்கள். குமாஸ்தா மனைவி வந்தாள், அத்தையின் ஈரத்துணி மூட்டையைத் தூக்கினாள், தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அத்தை மூட்டைக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று.

குமாஸ்தா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனால் காலையில் கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிக்கொள்வது மாதிரி, "போயிட்டு வாறேன்" என்று அத்தையிடமும் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். அவள் உள்ளே இருந்தால், வெளியே வரும்வரை செருப்போடு வாசலில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் என் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து அத்தைக்குச் சுவர் எழுப்பினார்கள். மூன்று பேருக்கும் அந்த வேலை தெரியும் என்று மூன்று பேரும் சொன்னார்கள். சுவர் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கூரை போட்டதும் அத்தை அதிலேயே குடிபோனாள்.

எல்லாக் கதவும் அன்றிலிருந்து திறந்தே இருந்தது என்று சொன்னால் பொய். சில வீடுகள் மறுபடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டன. ஆனால் நிலைக்கட்டையில் சத்தம் கேட்டால் வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

யுத்தம் முடிந்ததும் முகாமில் ஆட்களைக் குறைத்தார்கள். குடிவந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தையும் ரொம்ப நாள் இருக்கவில்லை. சுதந்திரம் வருவதற்கு முந்தின கோடையில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். செய்தி கேட்டுத் திருநின்றவூரிலிருந்து வந்த ஜனத்தைப் பார்த்து, யாரோ பெரிய குடும்பத்து மனுஷி என்று ஸ்டேஷனில் நினைத்தார்களாம்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு அந்த நாள் ஞாபகம் வருவதில்லை. குமாஸ்தா குடும்பம் ஊரை விட்டுப் போன நாள்தான் வருகிறது.

தை மாசம். காலை வண்டிக்குப் போய், எழும்பூரில் மதுரை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஜட்காவில் சாமான் ஏற்றியாயிற்று. அத்தை வழக்கம்போலத் தெருக்கோடி வரை கூட நடந்தாள். "சீக்கிரம் வந்துடுங்க" என்று இந்த முறை சொல்லவில்லை. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் என் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆள் ஓடுகிற சத்தம். குமாஸ்தா மனைவி. ஊருக்குப் போகக் கட்டியிருந்த பட்டுப்புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து தொங்க, மூச்சிரைக்க ஓடி வந்தாள். எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, நிலைக்கட்டையில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தாள்.

"அத்தே, வாங்கத்தே. ஏரியில கூழைக்கடா எறங்கியிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லத்தே, ஏரி பூரா. வாங்க, வந்து பாருங்க."

கதவு திறந்தது. அத்தையின் முகம் அழுதிருந்தது. அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தத் தெருவில் இத்தனை வருஷத்தில் அவள் கதவை யாரும் அப்படித் தட்டியதில்லை.

"ரயிலு?" என்றாள்.

"வாங்கத்தே, பறந்துரும்."

இரண்டு பேரும் ஓடினார்கள். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புதிதாகக் கட்டிய கரைமேல் ஏறினால், தண்ணீரே தெரியவில்லை. ஏரி வெள்ளையாக இருந்தது. அவ்வளவு பெரிய பறவைகள், அவ்வளவு நெருக்கமாக, காலை வெயிலில் அலகுப் பைகளைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தன. மேலேயிருந்து இன்னும் ஒரு கூட்டம் சிறகை மடக்காமல் வட்டம் போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் அத்தை "ஆ" என்றாள். குமாஸ்தா கரைக்குக் கீழே ஜட்காவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அவரும் மேலே ஏறி வந்தார். ஜட்காக்காரரும் சாட்டையோடு ஏறி வந்தார். 

ரயில் வந்தது. ஊதியது, நின்றது, மறுபடி ஊதிவிட்டுக் கிளம்பியது. கரைமேலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜட்காக்காரர்தான் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாமி, வண்டி பூட்ச்சி. அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரம் ஆவும். இன்னா செய்யச் சொல்றே?" என்று கேட்டார்.

குமாஸ்தா ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"குதிரைய அவுத்து விடுப்பா. மேயட்டும்."